வாய்க்காலுக்கு மேற்கே: வாசகர் கேள்வி பதில்

"உங்க ஊரைப் பத்தி கேளுங்க"ன்னு சொல்லியிருந்தோம். வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல பாண்டிச்சேரியப் பத்திதான். நான் பொறந்து வளர்ந்தது அங்கதான், காந்தி வீதி பக்கம். அதனால இந்த இதழ் முழுக்க பாண்டி.

கேள்வி (திருச்சி வாசகி): அக்கா, போன மாசம் மூணு நாள் லீவு சேர்ந்து வந்துச்சேன்னு குடும்பத்தோட பாண்டிச்சேரி போனோம். ஒயிட் டவுன்ல கார் நிறுத்த எடம் தேடியே ஒன்றரை மணி நேரம் போச்சு. மஞ்சள் செவுரு முன்னாடி ஃபோட்டோ எடுக்க வரிசை, மணக்குள விநாயகர் கோயில்ல வரிசை, ஒரு காபி குடிக்க வரிசை. ராத்திரி பீச் ரோட்ல தோள் இடிக்காம நடக்க முடியல. எங்க வீட்டுக்காரர் "இவ்ளோதானா பாண்டி?"ன்னு கேட்டாரு. இவ்ளோதானா அக்கா?

பதில்: இல்லம்மா, நீங்க பாத்தது பாதி கூட கிடையாது. அவரு கேட்டதும் தப்பில்ல, வர்றவங்க எல்லாரும் அதே ஏழெட்டு வீதிக்குள்ளயே சுத்தினா வேற எப்படித் தோணும்.

பழைய பாண்டி ஒரு முட்டை வடிவத்துல இருக்கும், சுத்தி புல்வார்டு ரோடு, உள்ள வீதியெல்லாம் நூல் புடிச்ச மாதிரி நேர் நேரா. நடுவுல வடக்கு தெற்கா பெரிய வாய்க்கால். அதுக்குக் கிழக்கே கடல் வரைக்கும் ஒயிட் டவுன், பிரெஞ்சுக்காரங்க இருந்த பகுதி. மேற்கே இருக்கறது தமிழர் பகுதி, பிரெஞ்சுக்காரங்க அதை கறுப்பு நகரம்னுதான் சொன்னாங்க. ரெண்டுல பெருசு இதுதான். வாய்க்கால் கிட்ட வந்தா கொஞ்சம் நாத்தம் வரும், நிறைய பேரு அங்கயே திரும்பிடறாங்க, அந்த நாத்தத்தை ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கிட்டு தாண்டிட்டீங்கன்னா ஊரே வேற.

என்ன வித்தியாசம்னு கேட்டா, வீடு வீதிக்கு எப்படி நிக்குதுன்னு மட்டும் பாருங்க. கிழக்கே பிரெஞ்சு வீட்டுக்கு வீதியோரம் உசரமான மதில், ஒரு பெரிய கேட், தோட்டம் முற்றம் எல்லாம் மதிலுக்கு உள்ள. வெளிய நிக்கறவங்களுக்கு செவுரும் செவுத்து மேல தொங்கற காகிதப்பூவும்தான் தெரியும், அதனாலதான் பாண்டி ஃபோட்டோ பூரா செவுரு ஃபோட்டோவா இருக்கு. மேற்கே தமிழ் வீடு அப்படி இல்ல. மரத்தூண் வெச்சு ஓட்டைச் சாய்வா எறக்கி, வீதியில போறவங்க வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க ஒரு தாழ்வாரம். அதுக்கு உள்ள வந்தவங்க உக்கார திண்ணை. அப்புறம் செதுக்கின கதவு, ரேழி, முற்றம். வீட்டுக்காரங்க பணத்தைப் போட்டு கட்டின இடத்துல மொத பங்கு வழிப்போக்கனுக்கு. எங்க தாத்தா வீட்டுத் திண்ணையில தயிர்க்காரம்மா மத்தியானம் பானைய எறக்கி வெச்சு ஒரு தூக்கம் போட்டுட்டுதான் போவாங்க, யாரும் அவங்கள எழுப்பினது கிடையாது.

இதைப் பாக்கணும்னா வைசியாள் வீதிக்குப் போங்க. கால்வே சுப்பராய செட்டி வீதின்னும் போர்டு இருக்கும், ரெண்டும் ஒண்ணுதான். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கற இன்டாக் அமைப்பும் அரசாங்கமும் சேந்து வீட்டு முகப்பையெல்லாம் வரிசையா பழையபடி சரி பண்ணாங்க, 2008ல யுனெஸ்கோவோட ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைச்சது. அங்க நிமிர்ந்து பாத்துக்கிட்டே நடங்க. நிறைய வீட்டுல கீழ்த்தளம் தமிழ், மேல்தளம் பிரெஞ்சு. கீழ தேக்குத் தூணும் திண்ணையும், மேல போனா சுண்ணாம்புத் தூணு, வளைவு ஜன்னல், கைப்பிடிச் செவுத்துல பூ வேலை. ரெண்டு ஊர் கைவேலையும் ஒரே வீட்டுல ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்திருக்கும்.

இந்தக் கலப்புக்கு தலைவீடு மாதிரி இருக்கறது ரங்கப்பிள்ளை வீதியில ஆனந்தரங்கப் பிள்ளை வீடு. துய்ப்ளேக்ஸ் பிரெஞ்சு கவர்னரா இருந்தப்ப அவருக்கு துபாஷியா, அதாவது மொழிபெயர்ப்பாளரா, இருந்தவரு, 1736ல இருந்து 1761 வரைக்கும் டைரி எழுதினாரு, ஊர்ல கப்பல் வந்தது, துணி விலை, யாரு யாரோட சண்டை, எல்லாம் தமிழ்ல. அவரு செத்த அதே 1761 ஜனவரியிலதான் பாண்டி பிரிட்டிஷ்காரங்க கையில விழுந்தது, அவங்க கோட்டையையும் ஊரையும் இடிச்சுத் தரைமட்டம் ஆக்கினாங்க. 1765ல பிரெஞ்சுக்காரங்க திரும்பி வந்து எழுப்பினதுதான் இன்னிக்கு நாம நடக்கற ஊர். அதாவது ஒயிட் டவுன்ல நீங்க பாத்த வீடு எதுவும் துய்ப்ளேக்ஸ் பாத்த வீடு கிடையாது. அந்த இடிப்புக்கு முந்தின கட்டடம்னு மிச்சம் இருக்கறதுல பிள்ளை வீடு ஒண்ணு. எல்லா நாளும் உள்ள விடமாட்டாங்க, வெளிய நின்னு பாத்தாலும் போதும்.

அங்கேருந்து பெரிய மார்க்கெட், குபேர் அங்காடின்னு பேரு, காலைல ஏழு மணிக்குள்ள போயிடுங்க. பூக்கடை வரிசையில கனகாம்பரமும் மல்லியும் ஈரத்துணிக்கு அடியில இருக்கும், மீன் பக்கம் அம்மாங்க போடற சத்தத்துலயே அன்னிக்கு என்ன மீன் வந்திருக்குன்னு தெரிஞ்சிடும். இதை இடிச்சு புதுசா கட்டணும்னு ரொம்ப நாளா பேச்சு ஓடுது, வியாபாரிங்க எதிர்க்கறாங்க. இருக்கறப்பவே பாத்துடுங்க.

அப்புறம் மிஷன் வீதியில சம்பா கோயில். அமலோற்பவ மாதா பேராலயம்தான், ஊர்ல யாரும் அப்படிச் சொல்றதில்ல. 'சான் போல்'ங்கற பிரெஞ்சுப் பேரு, அதாவது புனித பவுல், தமிழ் வாயில சம்பா ஆயிடுச்சு. இப்ப நிக்கற கட்டடம் 1791ல முடிஞ்சது. அதுக்கு முன்னாடி வேதபுரீஸ்வரர் கோயில் அங்க பக்கத்துலதான் இருந்துச்சு, 1748ல இங்கிலீஷ்காரங்க முற்றுகை போட்டிருந்த சமயம் பாத்து துய்ப்ளேக்ஸ் ஆளுங்க அதை இடிச்சாங்க, ஆனந்தரங்கப் பிள்ளை டைரியில அந்த நாளை மனசு வெந்து எழுதி வெச்சிருக்காரு. அந்த ஈஸ்வரனுக்கு பின்னாடி ஈஸ்வரன் கோயில் வீதியில கோயில் எழும்புச்சு. ரெண்டையும் ஒரே காலைல பாருங்க, நடந்தே போற தூரம்தான்.

தெற்கே காஜியார் வீதி, முல்லா வீதின்னு முஸ்லிம் பகுதி. குத்பா பள்ளிவாசல், அதைச் சுத்தி வெள்ளையும் பச்சையுமா வீடுங்க, கூட்டமே இருக்காது. நோன்பு மாசத்துல சாயங்காலம் அந்தப் பக்கம் போனீங்கன்னா கஞ்சி வாசனை வீதி முனையிலயே வரும்.

கேள்வி (சேலம் வாசகி): அம்மாவுக்கு 72 வயசு, முட்டி வலி. இவங்கள கூட்டிட்டு இந்த வீதியெல்லாம் சுத்த முடியுமா?

பதில்: முடியும்மா, மேடு பள்ளமே இல்லாத ஊர். ஆனா சனி ஞாயிறு வேணாம், செவ்வாய் புதன் வாங்க. பீச் ரோட்ல சாயங்காலம் ஆறு மணியில இருந்து மறுநாள் காலைல ஏழரை வரைக்கும் வண்டி விடமாட்டாங்க, அதனால விடியக்காலம் அஞ்சரைக்கு அம்மாவ கொண்டுபோய் காந்தி சிலை கிட்ட உக்கார வைங்க, சூரியன் கடல்ல இருந்தே எழும்பும். அப்புறம் ஒரு ஆட்டோ பேசிக்கிட்டு, ஏறறதுக்கு முன்னாடியே ரேட் பேசிடுங்க, மேற்கு வீதிகள்ல மெதுவா ஒரு சுத்து. பத்து மணிக்கு மேல வெயில் ஏறிடும், ரூமுக்குப் போயிடுங்க. நடைபாதையில பைக் நிறுத்தி வெச்சிருப்பாங்க, அம்மா கைய விடாதீங்க.

கேள்வி (கோவில்பட்டி கல்லூரி மாணவர்): அக்கா, எங்க பக்கத்து எட்டயபுரத்துல பாரதி பொறந்த வீட்ட நூறு தடவ பாத்திருப்பேன். பாண்டிச்சேரியில அவரு வாழ்ந்த இடம்னு உருப்படியா ஏதாவது மிச்சம் இருக்கா?

பதில்: இருக்கு தம்பி. உங்க ஊர்ல பொறந்தாரு, ஆனா அவரு பாட்டுல நாம இன்னிக்கும் பாடறது பாதி எங்க ஊர்ல எழுதினது. 1908ல வாரண்ட்டுக்குத் தப்பிச்சு வந்தவரு 1918 வரைக்கும் பத்து வருஷம் இங்கதான். பிரெஞ்சு எல்லைக்குள்ள பிரிட்டிஷ் போலீஸ் கைவைக்க முடியாது, அதனால வீட்டச் சுத்தி உளவாளிங்கள நிக்க வெச்சாங்க, தபால மடக்கினாங்க, அவரோட 'இந்தியா' பத்திரிகைய பிரிட்டிஷ் பகுதிக்குள்ள விடாம தடுத்தாங்க. 1910ல அரவிந்தர் வந்தாரு, வ.வே.சு. ஐயர் வந்தாரு.

ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில அவரு குடியிருந்த வீடு இப்ப அரசு அருங்காட்சியகம், அவரு கையெழுத்துப் பிரதி, பழைய ஃபோட்டோ எல்லாம் இருக்கு. உள்ள போனதும் ஃபோட்டோ பாக்க ஓடாதீங்க, மொதல்ல முற்றத்துல கொஞ்ச நேரம் நில்லுங்க. மேல சதுரமா வானம் தெரியும். வீட்டுல அரிசிக்குத் திண்டாடின நாள்ல கூட, இருந்த கொஞ்சம் அரிசிய குருவிக்குப் போட்டாருன்னு படிச்சிருப்பீங்க இல்ல, அப்படி ஒரு வீட்டுக்குள்ள நிக்கறோம்னு நெனச்சப்ப எனக்கு பதினாலு வயசுல தொண்டை அடைச்சது, இன்னிக்கும் அப்படித்தான். போறதுக்கு முன்னாடி திறந்திருக்கான்னு விசாரிச்சுக்குங்க, அரசு லீவு நாள்ல மூடியிருக்கும்.

அங்கேருந்து பெருமாள் கோயில் வீதிக்குப் போனா பாரதிதாசன் வீடு, அதுவும் அருங்காட்சியகம். கனகசுப்புரத்தினம்ங்கற வாத்தியார் பாரதிய சந்திச்சு பாரதிதாசன் ஆனது இந்த வீதிகள்லதான். நேரம் இருந்தா ஆட்டோ எடுத்து கருவடிக்குப்பம் சித்தானந்தர் கோயில் போங்க, அந்தப் பக்கத்துத் தோப்புதான் குயில் தோப்பு, பாரதியோட குயில் பாட்டு வந்த எடம். இப்ப சுத்தி வீடு வந்துடுச்சு, முன்ன இருந்த தோப்பு இல்ல. அப்படியும் போங்க.

கேள்வி (பெங்களூரு வாசகர்): பாண்டி வீடுகள் முன்னாடி ஃபோட்டோ எடுத்தா சிலர் திட்டறாங்க. வீதியில நின்னு எடுக்கறதுல என்ன தப்பு?

பதில்: வீதியில நின்னு எடுக்கறதுல ஒரு தப்பும் இல்ல சார். ஆனா நடக்கறது அது இல்ல.

எங்க சித்தி வீடு வாய்க்காலுக்கு மேற்கே ரெண்டாவது வீதி. ரெண்டு வருஷம் முன்னாடி சித்திரை மாசம், வடகம் போட்டு ரெண்டு மொறத்துல திண்ணை ஓரம் வெயில்ல வெச்சிட்டு சித்தி உள்ள சமையல்கட்டுல இருந்தாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி எடுக்கற ஃபோட்டோ ஷூட்டாம், ஏழெட்டு பேரு, லைட்டு குடை சகிதமா வந்து திண்ணையில ஏறிட்டாங்க. மொறம் ஃப்ரேமுல வருதுன்னு தூக்கி வீதியில வெச்சாங்க. சித்தி சத்தம் கேட்டு வந்து பாக்கறப்ப ஒரு மொறத்த ஸ்கூட்டி ஏறிட்டுப் போயிருந்துச்சு. மூணு நாள் பொறுமையா உருட்டி உருட்டிக் காயவெச்சது. "அம்மா, நீங்க கொஞ்சம் உள்ள போங்க, ரெண்டே நிமிஷம்"னு அவங்க வீட்டு வாசல்ல அவங்களையே சொன்னாங்களாம். சித்தி அதுக்கப்புறம் திண்ணைக்கு இரும்பு கிரில் போட்டுட்டாங்க. எனக்கு இது வடகத்தை விட பெரிய நஷ்டமா இருந்துச்சு, அந்தத் திண்ணை கட்டி நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, அதுக்குக் குறுக்க கம்பி வந்தது அன்னிக்குத்தான்.

ஒயிட் டவுன்ல குடியிருக்கறவங்களுக்கு இது தினப்படி கஷ்டம். கேட் முன்னாடி நின்னு டிரெஸ் மாத்தறாங்க, காலைல ஆறு மணிக்கு ட்ரோன் விடறாங்க. அதனால நீங்க கேளுங்க சார், அவ்ளோதான். கதவு தட்டி "ஒரு படம் எடுத்துக்கலாமாம்மா"ன்னு கேட்டா பத்துல எட்டு வீடு சரின்னுதான் சொல்லும், வயசானவங்க இருந்தா உள்ள கூப்பிட்டு முற்றமே காட்டுவாங்க. வேணாம்னு சொன்னா அடுத்த வீடு.

கேள்வி (மதுரை வாசகி): பாண்டி சாப்பாடுன்னு தனியா ஏதாவது இருக்கா அக்கா? நாங்க போன எடத்துல எல்லாம் பாஸ்தாவும் பீட்சாவும்தான்.

பதில்: இருக்கும்மா, ஆனா பெரும்பாலும் வீட்டுக்குள்ள இருக்கு. மேல சொன்ன வடகமே அதுல ஒண்ணு. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள், விளக்கெண்ணெய் எல்லாம் போட்டுப் பிசைஞ்சு உருண்டை பிடிச்சுக் காயவெக்கிற தாளிப்பு வடகம். இதைத்தான் பிரெஞ்சுக்காரங்க இங்கேருந்து எடுத்துட்டுப் போயி 'வடூவான்'னு பேர் வெச்சு, இன்னிக்கு பாரிஸ்ல பெரிய சமையல்காரங்க மீனுக்கும் ஆட்டுக்கறிக்கும் போடறாங்க. எங்க சித்தி வத்தக்குழம்பு தாளிக்கற அதே உருண்டை. மார்க்கெட் மளிகைக் கடையில தாளிப்பு வடகம்னு கேளுங்க, ஒரு பொட்டலம் வாங்கிட்டுப் போங்க, பாண்டியில இருந்து வீட்டுக்குக் கொண்டுபோக அதை விட நல்ல சாமான் எனக்குத் தெரியல. கிறிஸ்மஸ் சமயம் வந்தா விவிக்கம்னு ஒரு ரவா கேக், ரம் ஊத்திச் செய்வாங்க, தெரிஞ்ச கிறிஸ்தவக் குடும்பம் இருந்தா சொல்லி வைங்க.

கேள்வி (நாமக்கல் வாசகர்): பீச்னு போனா பூரா கருங்கல்லா இருக்கு. மணலே இல்லாத பீச் எப்படி ஃபேமஸ் ஆச்சு?

பதில்: எங்க அப்பா சின்னப் பையனா இருந்தப்ப அங்க மணல்லதான் கபடி ஆடினாராம். நம்ம கிழக்குக் கரையில வருஷத்துல பெரும்பகுதி அலை மணலை தெற்கேருந்து வடக்கே தள்ளிக்கிட்டே போகும். 1980கள்ல ஊருக்குத் தெற்கே துறைமுகத்துக்காக கடலுக்குள்ள கல்லு கொட்டி அலைத்தடுப்பு கட்டினாங்க. மணல் அந்தத் தடுப்புக்குத் தெற்கே தேங்கிடுச்சு, வடக்கே கடல் இருந்ததையும் அரிச்சுட்டுப் போயிடுச்சு. ரோட்டக் காப்பாத்த கல்லு போட்டாங்க, அதுதான் ராக் பீச். சில வருஷம் முன்னாடி தலைமைச் செயலகம் பக்கம் கடலுக்குள்ள செயற்கைத் திட்டு ஒண்ணு போட்டாங்க, அதுக்கப்புறம் அந்த எடத்துல கொஞ்சம் மணல் திரும்ப வந்திருக்கு.

ஆனா கல்லு போட்ட எடத்துல அரிப்பு நிக்காது, வடக்கே நகரும். அதனால பீச் ரோட்ல திரும்பாம வடக்கே குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் வரைக்கும் நடந்து பாருங்க. படகு நிறுத்த எடம் இல்லாம மீனவங்க வீட்டு வாசல் வரைக்கும் இழுத்து வெச்சிருப்பாங்க. மாசி மகத்தன்னிக்கு வந்தீங்கன்னா மயிலம் முருகன், தீவனூர் விநாயகர்னு சுத்துப்பட்டு சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு இந்த வைத்திக்குப்பம் கரைக்குத்தான் வரும். அன்னிக்குக் கூட்டம் இருக்கும், ஆனா அது வேற கூட்டம், ஊர்க் கூட்டம்.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): அக்கா, எங்களது பெருமாள் கோயில் வீதி பக்கம் தாத்தா கட்டின வீடு. நாலு பங்காளி. மழைக்கு ஒழுகுது, செவுரு பொரிஞ்சு உதிருது. இடிச்சுட்டு ஃப்ளாட் கட்டலாம்னு அண்ணன் சொல்றாரு. எனக்கு மனசு வரல, ஆனா வழியும் தெரியல.

பதில்: தம்பி, உங்க கடிதத்த மூணு தடவ படிச்சேன். எங்க வீதியில நான் பாத்து வளர்ந்த திண்ணை வீடு ஏழுல இப்ப ரெண்டு நிக்குது, மத்ததெல்லாம் பங்கு பிரிக்கறப்ப போனதுதான். அண்ணன் மேல கோவப்படாதீங்க, ஒழுகற வீட்டுல குடியிருக்கறவங்களுக்குத்தான் அந்த அலுப்பு தெரியும்.

மொதல்ல ஒண்ணு கேக்கறேன், செவுத்துக்கு எப்பவாவது சிமெண்ட் பூசினீங்களா? இந்த வீடெல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும். தரையில இருந்து ஏறற ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியா வெளிய காத்துல போயிடும். மேல சிமெண்ட்ட பூசி பிளாஸ்டிக் பெயிண்ட்டும் அடிச்சா ஈரம் உள்ளயே மாட்டிக்கும், உப்பு பூத்து பொரிஞ்சு கொட்டும். வீடு பழசாயிடுச்சுன்னு நெனப்பீங்க, சிமெண்ட்ட கொத்தி எடுத்துட்டு சுண்ணாம்பு பூசினா பாதி சரியாயிடும். ஒழுகறது பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ்ல இருந்து, தேக்கு உத்தரம் மேல சன்ன செங்கல்ல சாய்வா குத்துக்கல்லா அடுக்கி சுண்ணாம்பு போட்ட தளம் அது. உத்தரம் செவுத்துக்குள்ள நுழையற முனையிலதான் தண்ணி எறங்கி மரம் உளுத்துப் போகும், அந்த முனைகள மட்டும் ஆசாரிய விட்டு தட்டிப் பாக்கச் சொல்லுங்க. உத்தரம் மொத்தமும் போயிருக்கணும்னு அவசியமில்ல.

செலவு நாலு பேருக்கும் பாரம்தான், ஒத்துக்கறேன். இன்டாக் ஆபீஸ் பாண்டியிலயே இருக்கு, இடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ அண்ணனையும் கூட்டிட்டுப் போயி வீட்டக் காட்டுங்க, என்ன பண்ணலாம், எவ்ளோ ஆகும், முன்பக்கத்த வெச்சுக்கிட்டு பின்னாடி மட்டும் புதுசா கட்ட முடியுமான்னு கேளுங்க. வைசியாள் வீதியில அந்த மாதிரி சரி பண்ணி, தங்கறவங்களுக்கு ரூம் விட்டு அந்த வருமானத்துலயே வீட்டக் காப்பாத்தறவங்க இருக்காங்க. அவங்கள்ல ஒருத்தர் வீட்டு முற்றத்துல அண்ணன ஒரு மணி நேரம் உக்கார வைங்க.

எது பண்ணாலும் ஆவணிக்குள்ள ஆரம்பிச்சுடுங்க, ஐப்பசி மழை புடிச்சுட்டா சுண்ணாம்பு காயாது.